முகவாயில் வைத்த பொட்டு

மாமா,

மேலுலக முகவரிக்கு ஓர் அவசரச் செய்தி: வசந்தி அக்கா கல்யாணத்துக்கு நான் போட்ட சட்டையின் பையில், பாக்குப் பொட்டலத்துக்கு அடியில், தங்களுடைய பல்தட்டு இன்று காலை கண்டெடுக்கப்பட்டது. தட்டுக்குச் சேதம் ஏதுமில்லை.

பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது. எத்தனை பாடு! தறியோரம் கத்தரி தொங்கும். நீங்களோ பட்டு இழையைப் பல்லால்தான் நறுக்குவீர்கள். போதாததற்குத் தூக்கத்தில் நறநற. பல் போனால் சொல் போகும் என்பார்கள். உங்களுக்குப் பல் போகவில்லை, பாதியாகத் தேய்ந்தது. வாயை மூடினால் முகவாய் மூக்கிடம் குசலம் விசாரிக்கப் போய்விடும். சும்மா உட்கார்ந்திருந்தாலும் யாரையோ முறைப்பது போலிருக்கும். 'ச' வந்தால் தாடை முன்னால் ஓடி விசிலடிக்கும்.

நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டே விட்டார். "இன்னா சம்பந்தி, பொண்ணு குடுக்க இஷ்டம் இல்லியா?"

"சந்தோஷமாத்தான்பா இருக்கறேன்!" என்றீர்கள், விசிலோடு. யாரும் நம்பவில்லை. அக்கா உள்ளே போய் அழுதாள்.

கல்யாணத்துக்குள் உங்களைச் சிரித்த முகமாக்குகிறேன் என்று சவால் விட்டு, பல் டாக்டரம்மாவிடம் இழுத்துப் போன வீரன் நான்தான். வேறு யாரால் முடியும்?

அவர் உங்கள் மூக்கு நுனியில் ஒரு புள்ளி, முகவாயில் ஒரு புள்ளி வைத்தார். "'மா' சொல்லிட்டுத் தாடையைத் தளர விடுங்க. சும்மா இருக்கறப்போ மேல்பல்லும் கீழ்பல்லும் தொடக் கூடாது. உங்களுக்குப் பல்லு தேஞ்சதால, மூடினா தாடை ரொம்ப மேல ஏறிடுது." இரண்டு புள்ளிக்கும் நடுவே அளந்து எழுதிக்கொண்டார். "மெழுகைக் கடிக்கறப்போ இந்த ரெண்டு புள்ளி தூரத்தை வெச்சுத்தான் பல்லு மேல மாட்டற தட்டோட உயரம்" என்று சொல்லி, மெழுகு சூடாக்க உள்ளே போனார்.

"திருஷ்டிப் பொட்டு ஜோரா இருக்குது மாமா."

"வாயை மூடுடா."

"நீங்க மூடறதுதான் பிரச்சினையே!"

தட்டு வந்தது. கல்யாண வாசலில் "வாங்க சம்பந்தி" என்றதும் டக்கென்று பல் இடித்தது. "சந்தோஷம்" என்றால் இரண்டு டக். வாய் மூடவே இல்லை. முறைப்பு போய்த் திகைப்பு வந்தது. கழற்றி என் கையில் திணித்தீர்கள். "இந்தா, நீயே மாட்டிக்கோ!" பிறகு சம்பந்தியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பேசாமல் அழுதீர்கள். அப்போதுதான் அவர் நம்பினார்.

"திரும்பப் போய்ச் சரிபண்ணலாம் மாமா" என்று எத்தனை முறை தலையில் அடித்துக்கொண்டேன்! "அந்தம்மாவுக்கு அளக்கத் தெரிலடா" என்று கடைசிவரை முறைத்த முகத்தோடேயே இருந்துவிட்டீர்கள்.

அவருக்கு அளக்கத் தெரியும், மாமா. அவர் உள்ளே போனபோது, பொட்டு சின்னதாக இருக்கிறதே என்று நான்தான் எச்சில் தொட்டு அழித்துவிட்டு, மேஜையிலிருந்த பேனாவால் பெரிதாக, கொஞ்சம் மேலே தள்ளி வைத்தேன். புள்ளிகள் கிட்டே வந்துவிட்டதால், எழுதி வைத்த அளவு வரும்வரை அவர் மெழுகை உயர்த்தினார்; தட்டின் உயரம் ஏறிப்போனது அதனால்தான். அந்த அம்மாவிடம் இன்னும் போய்ச் சொல்லவில்லை.

நீங்கள் கண்ணை மூடியிருந்தீர்கள். வியர்வை துடைக்கிறேன் என்று நினைத்து, "நல்ல புள்ளடா நீ" என்றீர்கள்.