அனுமதிக்கவா என்று கேட்ட பெட்டி

ஐப்பசி, ஞாயிறு இரவு.

இன்று கம்ப்யூட்டர் என்னிடம் தமிழில் ஒரு கேள்வி கேட்டது. யார் உதவியும் இல்லாமல் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டேன். சந்தோஷப்பட வேண்டிய நாள்தான்.

குவைத்தில் வீட்டு வேலை செய்யும் மகள் செல்வி, முகம் பார்த்துப் பேச இணைப்பு அனுப்பியிருந்தாள். அந்த வீட்டில் மாதம் ஒருமுறை, கொஞ்ச நேரம்தான் பேச விடுவார்கள். ஹட்டன் டவுனில் காசுக்குக் கம்ப்யூட்டர் தரும் கொமினிகேஷன் கடையில் இணைப்பை அழுத்தினேன். ஒரு சின்னப் பெட்டி வந்தது. "இந்தத் தளம் வேறொரு செயலியைத் திறக்க விரும்புகிறது. அனுமதிக்கவா?"

தேயிலைத் தோட்டத்தில் காட்டிய இடத்திலெல்லாம் கைநாட்டு வைத்தவன் நான். எழுதப் படிக்கக் கற்ற பிறகு, புரியாத எதற்கும் சம்மதம் தருவதில்லை. "வேண்டாம்" என்பதை அழுத்திவிட்டு மகளுக்காகக் காத்திருந்தேன்.

வெகுநேரம் கழித்துக் கடைப்பிள்ளை வந்தாள்.

"என்னா தாத்தா, சும்மா ஒக்காந்திருக்கீங்க?"

"வேற என்னத்தையோ தொறக்கவான்னு கேட்டுச்சும்மா. நான் மகளப் பாக்கத்தானே வந்தேன்? வேணாம்னுட்டேன்."

"ஐயோ, அதத் தொறந்தாதான் அக்கா வருவாங்க!"

அவள் மறுபடி அழுத்தித் திறந்தாள். "அழைப்பு முடிந்தது" என்றிருந்தது. அதையும் நானே வாசித்தேன்.

தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்ததும் மனைவி மாரியாயி சோற்றைப் போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"புள்ள மெலிஞ்சிட்டாளா?"

"இல்ல."

"சிரிச்சாளா?"

"சிரிச்சா."

அதன் பிறகுதான் அவள் தன் சோற்றில் கை வைத்தாள்.