கன்னத்தில் பரு, பின்வரிசையில் அப்பன்

மகளே சேர்வா,

ஐம்பத்தொரு வயதில் என் கன்னமெல்லாம் பரு. உன் நிச்சயப் போட்டோவில் நான் பளிச்சென்று தெரிய வேண்டுமென்று உன் அம்மா கலக்கிக் கொடுத்த வெளுப்பு கிரீமின் வேலை இது.

நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டார் நம் வழக்கப்படி மதுப் புட்டிகளோடு பெண் கேட்டுக் கதவைத் தட்டியபோது உன் தாய்மாமன் என்ன சொன்னான்?

"மச்சான், மீசை முளைக்கிற பையனாட்டம் இருக்கீங்க. பொண்ணு குடுக்கிற அப்பன்னு யாரு நம்புவா? பின்னால போய் உக்காருங்க, நான் பேசிக்கறேன்."

கூடமே சிரித்தது. நம் குமாசியில் பிள்ளைகள் தாய்வழிக் குடும்பத்துக்குத்தான் சொந்தம், தாய்மாமனுக்குத்தான் உரிமை, தெரியும். ஆனால் உன்னைப் படிக்க வைத்தவன் நான்.

"இந்த மதுவை வாங்கிக்கலாமாம்மா?" என்று, கல்யாணத்துக்குச் சம்மதமா என்பதற்காக, வழக்கப்படி உன்னை மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் உன் மாமன் முகத்தைப் பார்த்தே தலையாட்டினாய். என் பக்கம் திரும்பவே இல்லை.

கிரீமைக் குப்பையில் வீசிவிட்டேன். பரு போகவில்லை. சனிக்கிழமை கல்யாணத்துக்கு இதே முகத்தோடு வந்து முன்வரிசையில் உட்காருவேன். உன் மாமன் என்னை எழுப்பினால் நீதான் வாய் திறக்க வேண்டும். அப்போதும் பேசாமலிருந்தால், அவனே உனக்கு அப்பனாக இருந்துகொள்ளட்டும்.

இன்றுவரை
உன் அப்பா