ஃபேன் போடாத அறை

12 மே 1972, வெள்ளி

மத்தியானம் ஆபீஸில் சரோஜா டைப் அடித்துக்கொண்டே மெஷின் மேல் மயங்கிச் சரிந்தாள். காகிதம் பறக்கிறதென்று எங்கள் அறையில் ஃபேன் போடக் கூடாது, மானேஜர் உத்தரவு. இந்த வெயிலிலும்! நான்தான் ஓடிப்போய் ஃபேனைப் போட்டு, அவள் முகத்தில் தண்ணீர் தெளித்தேன். மானேஜர் எட்டிப் பார்த்தார்.

"இன்னிக்கே தபால்ல போயாகணும். மீதியை நீ அடிச்சுடும்மா."

போகும்போது ஃபேனை நிறுத்திவிட்டுப் போனார். மனுஷனா அவர்? சரோஜா கண் திறந்ததும், "எந்தப் பக்கத்துல விட்டேன்?" என்றாள்.

சாயங்காலம் மந்தைவெளி வீட்டுக்கு வந்து கட்டிலில் விழுந்தேன். அம்மா ஃபேனைப் போட்டாள்.

"நிறுத்தும்மா, பேப்பர் பறக்கும்!" என்று கத்தினேன்.

அறையில் ஒரு காகிதம்கூட இல்லை. அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.