சப்பரத்தின் அடியில்

13-4-1979, பெரிய வெள்ளி

மனைவி மேரிக்குச் சுகப்பிரசவம் ஆனால் ஆண்டவர் சப்பரத்தைத் தூக்குவதாக வேண்டிக்கொண்டவன் நான்தான். இன்று பாதித் தெரு தாண்டுவதற்குள் பாரம் தாங்க முடியவில்லை. யாருக்கும் தெரியாமல் முழங்காலைக் கொஞ்சம் மடக்கித் தாழ்ந்து நடந்தேன். சப்பரத்தைத் தூக்கும் கொம்பு என் தோளைச் சும்மா தொட்டுக்கொண்டு வந்தது. பளு முழுக்கப் பின்னால் வந்த மச்சினன் சவரிமேல் இறங்கியது. நான் தாழ்வதைப் பார்த்துவிட்டு அவன் பதறினான்.

"இன்னா மாமா, ரொம்ப அழுத்துதா? நான் தாங்கிக்கினு வரேன், நீ மெதுவா நட."

"ஆமாண்டா" என்றேன். வாய் கூசவில்லை.

கோயிலில் இறக்கியபோது அவன் தோளில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

வீட்டில் மேரி குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, எனக்கு ஒத்தடம் கொடுக்க உப்பை வறுத்து மூட்டை கட்டி எடுத்து வந்தாள். சட்டையைக் கழற்றச் சொல்லி, விளக்கைக் கிட்டே பிடித்துப் பார்த்தாள்.

"எந்தத் தோளு?" என்றாள்.

ஏதோ ஒன்றைக் காட்டினேன்.