இடது பக்கத்துக் கிடார்

அன்பும் கிடையாது, பண்பும் கிடையாது என்று நிரூபித்துவிட்ட அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்பதாக இல்லை. போனை எடுக்காதவளுக்குக் கடிதம்தான் கதி. இதைக் கிழித்துப் போட்டாவது உனக்குக் கை வலிக்கட்டும்.

நல்ல வேலையை விட்டுவிட்டுப் பாட்டுக் குழுவில் கிடார் வாசிக்கப் போகிறேன் என்றாய். அப்பா கோபத்தில் "அப்ப வெளிய போ" என்றார். இந்த வீட்டில் அவர் சொல்லை நீ கேட்ட ஒரே நாள் அதுதான். பல் தேய்த்துவிட்டு வந்து பார்த்தால் கிடாரும் இல்லை, நீயும் இல்லை. கிடாருக்காக மட்டும் வருத்தப்பட்டேன்.

உன் அறையை வாடகைக்கு விடப்போகிறார்கள். முதலில் வந்த டீச்சரிடம் சுவரில் ஓதம் என்று சொல்லி, நானே தண்ணீர் ஊற்றி வைத்த இடத்தைக் காட்டினேன். ஓடிவிட்டார். அடுத்து வந்தவள் பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறவள். நீ உயிரை விடுகிற அந்தக் கொரியன் பாட்டை முழுச் சத்தத்தில் அலறவிட்டேன். துரோகி, சுவரில் சாய்ந்து நின்று கேட்டுவிட்டு, "நல்லாருக்கே தம்பி, இன்னொரு தடவ போடேன்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு வருகிறாள்.

அந்தப் பாட்டுக்காகவும் உன்னைத் திட்ட வேண்டும். ஒரே இயர்போனை நாம் பங்கு போடும்போதெல்லாம் இடது பக்கத்தை நீ பிடுங்கிக்கொள்வாய். என் பக்கம் ஒருவன், ரயிலைத் தவறவிட்டவன் மாதிரி இரண்டு வரி பாடுவான். பிறகு பேச்சுமூச்சு இருக்காது. ஆள் தூங்கிட்டான் என்பேன். நீ முகத்தைத் திருப்பிக்கொள்வாய். நேற்று, நீ விட்டுப்போன இயர்போனை இரண்டு காதிலும் மாட்டினேன். அவன் நிறுத்துகிற இடத்திலெல்லாம் இடது பக்கம் ஒரு கிடார் பதில் சொல்கிறது. இத்தனை நாளும் அதை நீ ஒருத்தியே கேட்டிருக்கிறாய், திருடி. ஒரே ஒரு தடவை காதை மாற்றியிருந்தால், அன்றைக்கு அப்பா முன்னால் உனக்காக நானும் வாயைத் திறந்திருப்பேனே.

அப்பாவைப் பற்றி உனக்கென்ன அக்கறை. ஷேவ் செய்யும்போது அந்த மெட்டைத்தான் முனகுகிறார். என்ன பாட்டுப்பா என்றால் கொசு என்கிறார். அம்மா உன் தலையணை உறையைத் துவைத்துத் துவைத்தே அதிலிருந்த பூவையெல்லாம் உதிர்த்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வந்து உன் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொள். ஆள் படுத்திருக்கிற அறையை யாருக்கு விடுவார்கள்?

மேடையில் உன் கிடார் கம்பியெல்லாம் அறுந்து போகட்டும் என்று சபிக்கத்தான் உட்கார்ந்தேன். எல்லாம் வேண்டாம், ஒன்று அறுந்தால் போதும். மாற்றுக் கம்பி உன் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. அதை யாரையும் தொடவிடவில்லை.

இப்படிக்கு,
உன் வலது காது