ஏழாம் காம்பராவுக்கு முகவரி

திங்கள், 4
காலையிலிருந்தே தூறல். கழுவிப் போட்ட கம்பளித் தொப்பிகள் காயவில்லை.

நோர்வூட் தபாலாபிஸில் பார்சல் போட்டுவிட்டு வந்து போனைப் பார்த்தால் காசு அனுப்பும் கம்பெனியின் மின்னஞ்சல். வெளிநாட்டுக்குக் குழந்தைத் தொப்பி விற்ற காசு வந்து விழும் இணையக் கணக்கு முடக்கம். வரம்பு முடிந்ததாம், முகவரியை நிரூபித்தால்தான் இனி எடுக்கலாமாம். நாலு மாதம் பின்னியது உள்ளே மாட்டிக்கொண்டது. கட்டணத்துக்கு மட்டும் வரம்பே கிடையாது. விற்றால் ஒரு வெட்டு, டொலரை ரூபாயாக்க ஒரு வெட்டு, எடுக்க ஒரு வெட்டு.

செவ்வாய், 5
மழை. கேட்பது: என் பெயரில் கரண்ட் பில். எங்கள் லயத்து வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் பில் தேயிலைத் தோட்டத்தின் பெயரில்தான். தோட்ட முகவரி போட்ட பாங்க் ஸ்டேட்மண்ட் அனுப்பினேன். பதில்: "இது ஒரு நிறுவனத்தின் முகவரி. வீட்டு முகவரி அல்ல."

நான் பிறந்தது இந்த ஒற்றை அறைக் காம்பராவில். பிள்ளை பெற்றதும் இங்கேதான். வீடில்லையாம்! நன்றாக அழுதேன். பிறகு சோறு வடித்தேன்.

வாங்க: சீனி, சவர்க்காரம், பாப்பாவுக்கு ஸ்கூல் கொப்பி 2.

புதன், 6
கிராம சேவகர் கொடுத்த வதிவிடச் சான்றிதழ் சிங்களத்தில், செல்லாதாம். வேலை கொடுக்கும் இடத்தின் ஆங்கிலக் கடிதம் என்றால் சரியாம். தோட்ட ஆபிஸுக்கு ஓடினேன். கிளாக்கர் தொழிலாளர் பெயர் பதியும் செக்ரோலைப் புரட்டினார்.

"செக்ரோல்ல பேர் இருக்கவங்களுக்குத்தாம்மா துரை கடிதம் குடுப்பாரு. நீதானே போன மாசம் பேரை வெட்டச் சொல்லி வந்து நின்ன?"

நான்தான். இனிக் கொழுந்துக் கூடை தூக்க மாட்டேன் என்று லயம் முழுக்க லட்டு வேறு கொடுத்தேன். என் வாய்!

"மறுபடி பேர் பதிஞ்சு வேலைக்கு எறங்கு. எழுதித் தாறேன்."

கினிகத்தேனை பேக்கரியிலிருந்து இவர் போன். "விட்டுத் தொலை. போனா போகுது."
"விரல் வீங்கினது எனக்குங்க," என்று வைத்துவிட்டேன்.

வெள்ளி, 8
காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் என் பெயர் கூப்பிட்டார்கள். லட்டு தின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மேடம் வந்துட்டாங்க, வழி விடுங்கடி," பக்கத்துக் காம்பரா ராணி. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அட்டைக் கடி, இடது காலில் இரண்டு. இடுப்பு விட்டுப்போச்சு.

சனி, 9
கடிதம் கிடைத்தது. இன்னார் இத்தோட்டத் தொழிலாளி, ஏழாம் காம்பராவில் வசிக்கிறார். மானேஜர் துரையின் கையெழுத்து, முத்திரை. படம் பிடித்து அனுப்பினேன்.

செவ்வாய், 12
வெயில். கணக்குத் திறந்தது! காசு எடுத்தேன், வெட்டுகள் போக. மூன்று மாதம் கழித்து முகவரியை மறுபடி பார்ப்பார்களாம். அப்படியானால் பேரை வெட்ட முடியாது.

கூடவே புது ஆர்டர். பத்துத் தொப்பி, இந்த மாதத்துக்குள். பகல் முழுக்க மலையில் நின்றால் எப்போது பின்னுவது? ஊசியை மடியில் கட்டிக்கொண்டு போனேன். கொழுந்து நிறுக்கிற வரிசையில் நின்றபடி எட்டு வரி பின்னினேன். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா பார்த்துவிட்டார்.

"ஏம்மா, நீ கொழுந்தெடுக்க வந்தியா, தொப்பி பின்ன வந்தியா?"

"அட்ரஸுக்கு வந்தேங்க."