நான் குறித்துக் கொடுத்த விநாடி

என் ரூபன், மச்சானாக வந்து எனக்குப் பிள்ளையாகவே ஆகிப்போனவனே,

நீ போய்ப் பதினொரு மாதம். வருகிற மாதம் ஒரு வருட ஆட்டைத்திவசம். இங்கே டென்மார்க்கில், பிராண்டேயில் காற்று இன்னும் அப்படியே அடிக்கிறது. நாங்கள் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கோபமாக இருக்கிறேன். எழுபத்து நான்கு வயதில் இந்தக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பாரிஸில் உன் சின்ன அறையில் கணினியை வைத்து இசை செய்தாய். ஒவ்வொன்றையும் ஒரு மண்டபத்துச் சத்தத்தோடு தொடங்குவாய். கதிரை இழுபடும், யாரோ "ஹலோ, ஹலோ" என்று மைக்கைத் தட்டுவார், ஒரு குழந்தை சிணுங்கும். நம் விழாக்கள் எதுவும் நேரத்துக்குத் தொடங்குவதில்லை, அந்தக் காத்திருப்பும் இசைதான் என்பாய்.

கடைசியாகச் செய்ததற்கு இங்கே, எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் ஒலிப்பதிவு செய்தாய். அதன் தொடக்கத்தில், குளிருக்குப் பயந்து நான் கதவடிக்குப் போகிறேன். நீ சொல்கிறாய்: "அத்தான், கதவைச் சாத்தாதேங்கோ. சனம் வரட்டும்." உன் இசை முழுவதிலும் உன் குரல் இருந்தது அந்த ஓரிடத்தில்தான்.

நீ போன பிறகு உன் இருபத்திரண்டு படைப்புகளையும் இணையத்தில் ஏற்றினோம். என் மகள் பிரெடெரிசியாவிலிருந்து வந்து உதவினாள். பிறகு, அவற்றை இணையத்தில் கேட்கக் கொடுக்கும் நிறுவனம் ஒரு படிவம் அனுப்பியது. இசை எந்த விநாடியில் தொடங்குகிறது என்று அதில் ஒரு கட்டம். காற்றாலை இறக்கைகளில் கீறல் தேடி, படிவம் நிரப்பியே ஓய்வு பெற்றவன் நான். வெறுங்கட்டத்தைக் கண்டால் என் கை சும்மா இராது. இருபத்திரண்டையும் கேட்டு, விநாடி பிசகாமல் எழுதினேன்.

எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டால் தொந்தரவாக நினைப்பார்களோ என்று, இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து இருக்கும் அதே பழைய பயம். "தொடக்கத்தைச் சீர்செய்தல்" என்று டேனிஷில் தெளிவாகத்தான் இருந்தது. படித்தவன்தானே நான்? வாசித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டேன்.

போன கிழமை உன் அக்கா கைபேசியில் உன் கடைசி இசையைப் போட்டாள். எடுத்த எடுப்பிலேயே இசை. திரும்பவும் தொடக்கத்திலிருந்து போட்டாள்.

"இஞ்சாருங்கோ, தம்பியைக் காணேல்லை."

நான் குறித்துக் கொடுத்த அதே விநாடியில் வெட்டியிருந்தார்கள். இருபத்திரண்டிலும்.

நிறுவனத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். பதிலின் கீழே ஒரு முதற்பெயர் மட்டும் இருந்தது. மனிதரா இயந்திரமா, யாருக்குத் தெரியும்? தொடங்கச் சுணங்கினால் கேட்பவர்கள் தாண்டிப் போகிறார்களாம். முழுசாகத் திரும்ப ஏற்றினால், ஏற்கெனவே இருக்கிறது என்று தள்ளிவிடுகிறார்கள். இதற்குமேல் உன்னை "நித்திரைக்கு" என்ற பட்டியலில் வேறு போட்டிருக்கிறார்கள். சனத்தை எழுப்பி ஆடவைக்க நீ செய்ததை.

எங்கள் சமையலறை மேசையில் நீ கதைத்தது நினைவிருக்கிறதா? பாட்டுக் கசற் விற்ற காலத்தை நான் புகழ்ந்தபோது சிரித்தாய். "அப்பவும் ஏமாத்தினவங்கள்தான், அத்தான். ஆனா ஏமாத்தினவன்ரை முகம் தெரிஞ்சது. இப்ப அவங்கள் விக்கிறது பாட்டை இல்லை, கேக்கிற சனத்தின்ரை நேரத்தை. பாட்டு அதைச் சுத்துற கடதாசி." புதிய கருவி எது வந்தாலும் முதலில் வாங்கியவன் நீ, அதனால் அந்தப் பேச்சை முதியவர் முணுமுணுப்பென்று யாரும் தள்ள முடியாது. நான் மட்டும் தேநீர் ஊற்றிக்கொண்டு தலையாட்டினேன். கவனித்துக் கேட்டிருந்தால் அந்தக் கட்டத்தை நிரப்பியிருப்பேனா?

எல்லாவற்றையும் இணையத்திலிருந்து எடுத்துவிடப் போகிறேன் என்று மகளிடம் சொன்னேன். "பியூட், அப்பா" என்றாள். போனால் போகட்டும் என்பதற்கு இந்த நாட்டார் சொல்லும் சொல். நான் விடவில்லை. அவளுக்குக் கோபம் வந்தால்தான் தமிழ் வரும்.

"முந்தி மாமாவை ஆர் கேட்டது? இப்ப தெரியாத சனமெல்லாம் கேக்குது. நீங்கள் எடுத்தா அவரை ஒருத்தரும் கண்டுபிடிக்க ஏலாது."

அவள் சொன்னது பொய்யில்லை. அதுதான் இன்னும் எரிகிறது. தலை வெட்டுப்பட்டு ஊரெல்லாம் போவதா, முழுசாக ஒரு மண்டபத்துக்குள் இருப்பதா? நீ எதைச் சொல்லியிருப்பாய்? இரண்டு நாள் யோசித்தேன். உன் அக்காவிடம் கேட்டேன். "அவன்ரை குரலோடை வேணும்" என்றாள். அவ்வளவுதான்.

நேற்று எல்லாவற்றையும் நீக்கச் சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் இருந்தது, காரணம் என்ன என்று. அதை வெறுமையாக விட்டேன். என் வாழ்நாளில் முதல் தடவை.

நீ தந்த மூலப்பிரதி என் அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது. திவசத்தன்று அதே மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். கதிரைச் சத்தத்திலிருந்து கடைசி வரை போடுவோம். எவ்வளவு குளிர் அடித்தாலும் அன்றைக்குக் கதவைச் சாத்தமாட்டேன். இது சத்தியம்.

கதவடியில் நிற்கும்,
உன் அத்தான்